வாடகை சொல்லாத வீடு

2024-ஆம் ஆண்டு ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். விடியற்காலையில் பெய்த மழை விட்டிருந்தது. வெயில் வந்துவிட்டாலும் கடற்பக்கம் ஒரு கறுத்த மேகம் மட்டும் போகாமல் நின்றது. புக்கிட் ரோத்தானில் ஓர் ஒற்றை மாடி வீட்டுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு நானும் என் மனைவியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கார அம்மா பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார். முன்னதாகவே போய் வாசலில் நின்றால், வீடு கிடைக்காமல் தவிக்கிறவர்கள் என்று நினைத்து வாடகையை ஏற்றிவிடுவார் என்று எனக்குப் பயம்.

தவித்துக்கொண்டுதான் இருந்தோம். தலைநகரில், செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் பத்தொன்பது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவர்கள் நாங்கள். மின்தூக்கி கிடையாது. எழுபத்திரண்டு படிகள். என் மனைவி முன்பெல்லாம் நாற்பத்தெட்டாவது படியில் நின்று மூச்சு வாங்குவாள். முழங்கால் வலி வந்த பிறகு இருபத்து நான்காவது படியிலேயே நிற்க ஆரம்பித்தாள். அந்த மே மாதம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. ஆயிரத்து நூற்றைம்பதாக இருந்த வாடகை, செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஆயிரத்து ஐந்நூற்றைம்பது. சம்மதமா இல்லையா என்று ஜூலைக்குள் சொல்ல வேண்டும்.

என் ஓய்வூதியம் 2,140 வெள்ளி; ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். புதிய வாடகை, கார் நிறுத்த 80, மின்சாரம் 96, தண்ணீர் 11, சமையலுக்கு 540, தொலைபேசி 60, பெட்ரோல் 90. மொத்தம் 2,427. மாதம் 287 வெள்ளி குறைகிறது. எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் 287-தான் குறைந்தது.

சொந்த வீடு ஏன் இல்லை என்று கேட்பார்கள். என் முப்பத்திரண்டாவது வயதில் நாற்பத்தெட்டாயிரம் வெள்ளிக்கு ஒரு வீடு வந்தது. அரசாங்க எழுத்தர் என்பதால் கடனும் கிடைத்திருக்கும். ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்து, விலை இன்னும் இறங்கும் என்று முடிவு செய்தேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடிதம் வந்த செய்தியைப் பிள்ளைகளிடம் சொன்னோம். மகன் ஜொகூரில், மகள் பினாங்கில். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், இரண்டு பேருக்கும் சின்ன வீடு. அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு மகன் கூப்பிட்டான்.

"அப்பா, நீங்க இங்க வந்துருங்க. ஒரு ரூம் ஃப்ரீயா இருக்கு. அம்மா அக்காகிட்ட போகட்டும், அக்காவுக்கும் பேபிய பாத்துக்க ஆள் வேணும். டெம்பரரிதான் லா."

"எத்தனை மாதம்?" என்று கேட்டேன்.

"டெம்பரரி பா. அதுக்கு எப்படி மாசம் சொல்றது?"

எழுபத்து மூன்று வயதில் அந்த ஆங்கிலச் சொல்லின் நீளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. ஜொகூருக்கும் பினாங்குக்கும் நடுவே எழுநூறு கிலோமீட்டர். திருமணமாகி நாற்பத்து மூன்று ஆண்டுகளில் நாங்கள் பிரிந்திருந்தது மொத்தம் அறுபத்தொரு நாள். அவளுடைய இரண்டு பிரசவமும் என்னுடைய ஒரு அறுவை சிகிச்சையும் சேர்த்து. தொலைபேசியை வைத்ததும் என் மனைவி, பிறந்த வீட்டு யாழ்ப்பாணத் தமிழில், "என்னப்பா, பெடியன் சொல்லுறதும் சரிதானே" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே வெகு நேரம் குழாய் ஓடியது. தண்ணீர்க் கட்டணம் ஞாபகம் வந்தும் நான் எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகுதான் வடக்குச் சிலாங்கூரைப் பார்க்க ஆரம்பித்தேன். நான் பிறந்தது அந்தப் பக்கம். என் அப்பா புக்கிட் ரோத்தான் அருகே ஒரு தோட்டத்தில் கிராணி. அலுவலகத்தில் பேரேடு எழுதுகிற யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டம் இப்போது இல்லை, பாதி தொழிற்சாலை, பாதி வீடமைப்பு. அங்கே எனக்கு உறவு என்று ஒருவரும் இல்லை, வாடகை குறைவு என்பதுதான் காரணம். கோலாசிலாங்கூர் பட்டணத்தில் விசாரித்தேன், 900. செகிஞ்சானில் வயலும் கடலும் பார்க்க வருகிறவர்களுக்கு வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள், மாத வாடகைக்கு என்றால் முகம் கோணுகிறார்கள். கிடைத்த ஒன்றும் 850. அம்பாங் பெச்சாவில் 550-க்கு ஒரு வீடு இருந்தது. நல்ல காற்று, ஆனால் வாசலில் பதினோரு படி. படி வேண்டாம் என்றுதானே கிளம்பினோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெட்ரோல், சாலைக் கட்டணம், மருத்துவமனைத் தூரம் என்று எழுதிக்கொண்டே வந்ததில், தாளின் அகலம் போதாமல் இரண்டு தாளை ஒட்டினேன்.

அப்போதுதான் பழைய அலுவலக நண்பர் ஒருவர், புக்கிட் ரோத்தானில் தனக்குத் தெரிந்த ஓர் அம்மாவின் வீடு சும்மா கிடக்கிறது என்றார். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். நேரில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த அம்மா பத்து முப்பத்தைந்துக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்த வீட்டைப் பார்க்க வருகிறார். காரிலிருந்து இறங்கும்போதே, "கிராணி ஐயா மகன்தானே நீங்க? மூக்க பாத்தாலே தெரியுது" என்றார். அவருடைய பெற்றோர் அப்பா வேலை செய்த அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் என்றும், தோட்டம் விற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கிய வீடு இது என்றும் நண்பர் சொல்லியிருந்தார். எங்களைப் பற்றி அவரிடமும் சொல்லியிருக்கிறார்.

வீடு எனக்குப் பிடித்துவிட்டது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபட்டேன். மூன்று அறை, தரை ஓடு, வாசலில் ஒரு படிகூட இல்லை. என் மனைவி பின்பக்கம் குழாய்களைத் திறந்து பார்க்கப் போயிருந்தாள். நான் கார் நிறுத்துமிடத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாடகை விஷயம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்துச் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி ரோட்டில் போனது. என் இடது காது அவர் பக்கம் இருந்தது, அது அவ்வளவு கேட்காது. எனக்குக் கேட்டது இதுதான்: "அது என்னாய்யா பெருசா, பாத்துக் குடுங்க."

வேறு யாராவது இருந்தால் திரும்பக் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. காரணம் இருக்கிறது. சம்பள நாளில் அப்பாவின் அலுவலகச் சன்னலுக்கு வெளியே நின்று தொழிலாளர்கள் சொல்வது இப்படித்தான் இருக்கும்: "பாத்துப் போடுங்கய்யா." தாமதமாக வந்தவருக்கு அரை நாள் போடாமல் முழு நாள் போடச் சொல்லும் கெஞ்சல் அது. அப்பா பார்த்துப் போட்டதாக எனக்கு நினைவில்லை. அதே குரலில், அதே தோட்டத்துப் பெண் என்னிடம் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார் என்றால், என்னை எடை போடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். குறைத்துக் கொடுத்தால் கிராணி மகன் கிராணி மகன்தான் என்பார். கூட்டிக் கொடுத்தால் ஓய்வூதியம் தாங்காது, மனைவி பினாங்குக்குப் போக வேண்டும்.

வீடு திரும்பும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த மனுசி என்ன சொன்னவ எண்டு வடிவாக் கேட்டனீங்களோ?" என்றாள் மனைவி.

"கேட்டேன். பார்த்துக் கொடுங்க என்றார்."

"அப்ப எவ்வளவு எண்டு கேக்கிறதுதானே."

"பார்த்துக் கொடுக்கச் சொன்னவரிடம் எவ்வளவு என்று எப்படிக் கேட்பது?"

மூன்று வாரம் நான் பட்ட பாட்டை எழுதினால் படிக்கிறவர்களுக்கு அலுத்துவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகைக்கு எதிரே மட்டும் எண் இல்லாத ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாடகை நீங்கலாக அங்கே செலவு எவ்வளவு ஆகும் என்பதை எழுதிவிட்டேன்: மின்சாரம் 70, தண்ணீர் 8, சமையல் 420, தொலைபேசி 60, பெட்ரோல் 190, சாலைக் கட்டணம் 30, எதிர்பாராதது 150. மொத்தம் 928. ஒரு நாள் தனியாக அங்கே போய் முடி வெட்டும் கடையிலும் கோப்பிக் கடையிலும் விசாரித்தேன். அந்த வரிசையில் 600 போகும் என்றார்கள். கூரை தகரம், அதற்கு 50 கழித்தேன். பின் வேலி சாய்ந்திருக்கிறது, 30. சுவர் சாயம் உரிந்திருக்கிறது, 40. ஆக 480.

மகன் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டான். "அப்பா, அக்ரிமெண்ட் இல்லாம எப்படிப்பா? அவங்க மைண்ட் மாறிட்டா ரெண்டு பேரும் ரோட்லயா நிப்பீங்க? பேப்பர்ல எழுதி, வாடகை போட்டு, ஸ்டாம்ப் அடிச்சு எனக்கு அனுப்புங்க. இல்லன்னா நான் சொன்னதுதான்." அவன் சொன்னதில் பிழையில்லை. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆகவே ஒப்பந்தத்தை நானே தட்டச்சு செய்தேன். இரண்டு ஆண்டு, மாத வாடகை 480, வெளியேற மூன்று மாத அறிவிப்பு.

ஜூன் 30, மறுபடி ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் போனோம். கார் நிறுத்துமிடத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்த அம்மா எங்களை உட்கார வைத்தார். தாளை நீட்டினேன்.

"கண்ணாடி கொண்டாரல. நீங்களே படிங்கய்யா. உங்க வேலதான அது."

படித்தேன். மாத வாடகை நானூற்று எண்பது வெள்ளி என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"எதுக்கு?"

"வாடகைக்கு. நீங்கள்தானே பார்த்துக் கொடுக்கச் சொன்னீர்கள்."

"குடுங்கன்னா சொன்னேன்?" அவர் என் மனைவியைப் பார்த்தார். "அம்மா, பாத்துக்குங்கன்னுதாம்மா சொன்னேன். வீட்ட பாத்துக்குங்கன்னு. சும்மா கெடக்குற வீடு. ஆளு இருந்தா போதும்னு."

பாத்துக்குங்க. பாத்துக் குடுங்க. ஒரே ஓர் எழுத்துக்காக மூன்று வாரமும், ஒட்டிய இரண்டு தாளும், பெட்ரோலும் போயிருந்தன. என் மனைவி முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தவில்லை.

"மூண்டு கிழமையா இந்த மனுசன் சரியாச் சாப்பிடேல்ல. கேளுங்கோ எண்டு சொன்னனான், கேட்டாத்தானே."

"அந்தப் பக்கத்துக் காதா ஐயாவுக்கு?" என்றார் வீட்டுக்கார அம்மா. "லோரி சத்தத்துல நானும் கொஞ்சம் கத்தி சொல்லியிருக்கணும்."

நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் கையிலிருந்த தாளைத்தான் பார்த்தேன். வாடகை இல்லாத வீட்டுக்கு ஒப்பந்தம் எப்படி எழுதுவது? முத்திரை எதற்கு அடிப்பார்கள்? சும்மா கொடுத்த வீட்டைச் சும்மாவே திரும்பக் கேட்கலாம். மகனுக்கு அனுப்ப என்னிடம் தாள் இருக்காது. இலவசம் என்றால் அவன் இன்னும் பயப்படுவான்.

"இலவசமாக இருக்க முடியாது. ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன்.

"ஐயா, நான் சொல்றத கேளுங்க. இந்த வீடு பதினாலு மாசம் பூட்டிக் கெடக்கு. புல்லு வெட்ட மாசம் நூத்தி இருவது குடுக்கறேன். அதுவும் அவன் வந்தா. கரையான் ஒரு கதவ தின்னுருச்சு. ஞாயித்துக்கெழமயானா கிள்ளான்லேருந்து ஓடியாறேன். நீங்க இருந்தா எனக்கு இதெல்லாம் மிச்சம்லா. நான் என்னா தர்மமா பண்றேன்?"

அந்தக் கணக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. தர்மம் என்றால் மறுத்திருப்பேன், இதை மறுக்க முடியவில்லை. இருந்தாலும் தாளில் ஓர் எண் வேண்டும்.

"முந்நூற்றைம்பது" என்றேன்.

"நூறு."

"நூறு போதாது. வீட்டு வரி, கூரைப் பழுது எல்லாம் இருக்கிறது. முந்நூறு."

"என்னா மனுசன்யா நீங்க. ஊர்ல எல்லாம் வாடகைய கொறைக்கத்தான் சண்ட போடுவாங்க." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"நான் என்னத்தைச் சொல்ல? இவர் மரக்கறிக் கடையிலை மட்டும்தான் குறைச்சுக் கேக்கிறவர்."

"எங்கம்மாவுக்கு உங்கப்பா ஒரு தடவ அரை நாள் போட்டாராம். சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்திச்சு" என்றார் அவர். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அம்மா அன்னிக்கு லேட்டாத்தான் போயிருக்கு, அதையும் அதுவேதான் சொல்லும். சரி, கிராணி மகன் கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது. இருநூத்தம்பது. அதுக்கு மேல ஒரு காசு ஏத்துனீங்கன்னா வீடே கெடையாது."

480-ஐ அடித்துவிட்டு 250 என்று எழுதி, இருவரும் பக்கத்தில் ஒப்பமிட்டோம். அவர் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். நானே கையால் எழுதினேன்: வாடகைதாரர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. அவர் தாளைத் தள்ளிப் பிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, "ம், இது போதும்" என்றார்.

"ஜூலை கடைசியில் வந்துவிடலாமா?" என்று கேட்டேன். இரண்டு பெண்களும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள். ஆடி மாதம். எல்லாவற்றையும் எண்ணியவன் ஆடியை எண்ணவில்லை. ஆவணி பிறந்த பிறகு வரும் முதல் வியாழக்கிழமை என்று அவர்களே பேசி முடித்தார்கள். செந்தூல் வீட்டை ஆகஸ்ட் கடைசிவரை வைத்திருக்க வேண்டியிருந்ததால் அதில் நட்டம் ஒன்றும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

முத்திரை அடித்த தாளைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். இருபது நிமிடம் பதில் இல்லை. பிறகு கூப்பிட்டான்.

"அப்பா, டூ ஃபிஃப்டியா? ஒரு சைபர் விட்டுட்டீங்களா?"

"இல்லை."

"என்ன பிராப்ளம் அந்த வீட்ல?"

"பின் வேலி சாய்ந்திருக்கிறது."

"ஓகே பா. அம்மாவ அக்காகிட்ட அனுப்ப வேணாம். நான் அக்காகிட்ட சொல்லிடறேன்" என்றான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, சோற்றை இறக்க மறந்துவிட்டாள். அன்று அடிப்பிடித்த சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுவருக்குச் சாயம் அடித்தேன். வீட்டுக்கார அம்மாவும் ஒரு தூரிகையோடு வந்து, நான் ஒரு சுவர் முடிப்பதற்குள் இரண்டு முடித்தார். ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, காலையில் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. மகளும் மகனும் விடுப்புப் போட்டு வந்திருந்தார்கள். பேரப்பிள்ளை வாசலிலிருந்து பின்கதவு வரை தவழ்ந்து போனது, தடுக்க ஒரு படி இல்லை.

இப்போது மாதச் செலவு 1,178. ஓய்வூதியத்தில் 962 மிஞ்சுகிறது. முதல் மாதம் எங்கோ பிழை இருக்கிறது என்று தேடினேன். இரண்டாவது மாதமும் தேடினேன். என் மனைவி காலையில் தானாகவே தெருக்கோடி வரை நடந்து, கீரை வாங்கி வருகிறாள். வழியில் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மா வந்தால் இருவரும் பின்பக்கம் உட்கார்ந்து என்னைப் பற்றிச் சிரிக்கிறார்கள். லோரி போகும் நேரத்தில் மட்டும் அவர் என் வலது பக்கம் வந்து நின்று பேசுகிறார். இந்த வயதில் இப்படி இருப்போம் என்று நான் போட்ட எந்தக் கணக்கிலும் வரவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்றால் ஒருவருக்கு மட்டும் சொல்லி முடியாது.

குடிவந்த வாரமே என் மனைவி கேட்டாள்: "எல்லாம் சேத்து எவ்வளவு முடிஞ்சுது?"

லோரி 450. நான்கு மாடி இறக்கிய இரண்டு பேருக்கு 160. ஐந்து முறை போய்வந்த பெட்ரோலும் சாலைக் கட்டணமும், முறைக்கு 27 வெள்ளி 60 காசு வீதம், 138. முதல் மாத வாடகையும் ஒரு மாத முன்பணமும் 500. முத்திரை 13. நகல் 1 வெள்ளி 20 காசு. சாயம் 186 வெள்ளி 50 காசு. அவளுக்காகக் குளியலறையில் பொருத்திய கைப்பிடி 74. பால் காய்ச்சப் புதுப் பாத்திரம் 32 வெள்ளி 90 காசு. பால் 8 வெள்ளி 20 காசு. செந்தூல் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொண்டது 350.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்க ஆன செலவு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று வெள்ளி எண்பது காசு.